ஒரு பகல் மட்டும் இறங்கும் தீவில் எந்தப் பயணச்சீட்டு வாங்குவது?

புது வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. அவரும் கணவரும், மாமனார் மாமியாரும், ஆறு வயது மகளும் விமானத்தில் சிங்கப்பூர் சென்று, அங்கே இரண்டு நாள் தங்கி, பிறகு பயணக் கப்பலில் ஏறி பினாங்கு, புக்கெட் ஆகிய தீவுகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப இருக்கிறார்கள். கப்பலில் ஏற்பாடு செய்து தரும் கரைச் சுற்றுலா ஐந்து பேருக்குக் கட்டுப்படியாகாது என்பதால், பேருந்திலும் ரயிலிலும் தாங்களாகவே சுற்றலாம் என்பது அவர்கள் எண்ணம். ஒவ்வோர் ஊரிலும் நாள் பாஸ் வாங்குவதா, பணம் ஏற்றும் அட்டை வாங்குவதா, ஏறும்போதெல்லாம் தனிச் சீட்டு வாங்குவதா என்று கேட்கிறார்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் வங்கி அட்டையே போதும். அப்படி அட்டை இல்லாதவர்களுக்கு மட்டும் அங்கே பணம் ஏற்றிப் பயன்படுத்தும் ஈஸி-லிங்க் அட்டை வாங்குங்கள். பினாங்கில் சில்லறைக் காசும் தனிச் சீட்டும்தான் சரி. புக்கெட்டில் பேருந்தை நம்பித் திட்டம் போட வேண்டாம். நாள் பாஸ் இந்த மூன்று இடங்களில் எங்குமே உங்களுக்கு வேண்டியதில்லை.

இராயபுரத்தில் குடியிருக்கும் நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் பயணக் கப்பல்களின் உணவுப் பிரிவில் வேலை பார்த்தவன். கப்பல் ஊழியருக்குத் துறைமுகத்தில் கிடைப்பது மூன்று மணி நேரமோ நான்கு மணி நேரமோதான்; அதற்குள் ஊரைப் பார்த்து, வீட்டுக்குப் போன் செய்து, வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு ஏணியேறிவிட வேண்டும். டாக்சிக்குச் சம்பளத்தைக் கொடுக்க மனம் வராததால் எல்லாத் தீவுகளிலும் பேருந்தில்தான் போவோம். அந்தப் பழக்கத்திலிருந்து தெரிந்துகொண்டதையே இங்கே எழுதுகிறேன்.

நாள் பாஸின் விலை, வாங்குகிறவர் காலை முதல் இரவு வரை ஊருக்குள் இருப்பார் என்ற கணக்கில் வைக்கப்படுவது. கப்பலில் வருகிறவருக்கு அந்த நாள் கிடையாது. கப்பல் எட்டு மணிக்குத் துறையை அடைந்தாலும், அனுமதிச் சடங்குகள் முடிந்து, வரிசையில் நின்று, வயதானவர்களை மெல்ல இறக்கிக் கரைக்குக் கொண்டுவர ஒன்பது, ஒன்பதரை ஆகிவிடும். மாலை ஐந்துக்குக் கப்பல் புறப்படுகிறதென்றால், பயணிகள் ஏறி முடிக்க வேண்டிய நேரம் பெரும்பாலும் அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக இருக்கும். இடையில் சாப்பாடு, கழிப்பறை, குழந்தை அடம்பிடிக்கும் நேரம் எல்லாம் போக, பேருந்தில் ஏறப்போவது இரண்டு தடவை, மிஞ்சினால் நான்கு தடவை. நம் மாநகரப் பேருந்தின் 1000 ரூபாய் மாதப் பாஸ், தண்டையார்பேட்டையிலிருந்து தினமும் கிண்டிக்கு வண்டி மாறி வேலைக்குப் போகிறவருக்கு வரம். வாரத்துக்கு ஒருமுறை பாரிமுனைக்குப் போய் வருகிறவருக்கு அதனால் நட்டம்தான். தீவில் இறங்கும் கப்பல் பயணி இந்த இரண்டாவது ஆள்.

பாஸில் இன்னொரு கெடுதலும் உண்டு. வாங்கிய பணத்தை ஈடுகட்ட வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டால், நடந்தே போகக்கூடிய இடத்துக்கும் பேருந்துக்காகக் காத்திருப்போம். ‘பாஸ்தான் இருக்கிறதே, இன்னும் ஓர் இடம் பார்த்துவிடலாம்’ என்று கடைசி ஒரு மணி நேரத்தில் துறைமுகத்துக்கு எதிர்த்திசையில் வண்டி ஏறுவோம். கப்பல் தானே நடத்தும் சுற்றுலா தாமதமானால் அதில் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்கும்; தாமாகப் போனவர்களுக்காகக் காத்திருக்காது. படகுத்துறையில் நின்று, விலகிப் போகும் கப்பலைப் பார்த்துக் கைகாட்டிய குடும்பங்களை நான் மேல்தளத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அடுத்த துறைமுகத்துக்கு அவர்கள் சொந்தச் செலவில் விமானத்தில்தான் வந்து சேர வேண்டும். ஆகவே ஒரு பயணச்சீட்டு எத்தனை காசு மிச்சம் பிடிக்கும் என்பதோடு, அது உங்களைக் குறித்த நேரத்துக்குக் கப்பலில் கொண்டுவந்து சேர்க்குமா என்பதையும் சேர்த்தே எடைபோடுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து தொடங்குவோம். அங்கே கட்டணம் தூரத்தைப் பொறுத்தது; பேருந்திலிருந்து எம்ஆர்டி எனப்படும் நகர ரயிலுக்கு மாறினாலும் இரண்டும் ஒரே பயணமாகக் கணக்கிடப்படும். அட்டையில் போகும் பெரியவருக்கு ஒரு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலரை அங்குள்ள தமிழர் வெள்ளி என்பார்கள்) சற்று மேலே தொடங்கி, தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போனாலும் மூன்று வெள்ளியைத் தொடாது. லிட்டில் இந்தியாவில் தங்கி, மரினா பே, சைனாடவுன் என்று சுற்றினால் ஒரு தடவைக்கு ஒன்றரை வெள்ளி அளவில்தான் ஆகும். ஒரு நாளைக்கு ஐந்து தடவை ஏறினாலும் எட்டு வெள்ளியைத் தாண்டுவது அரிது. சுற்றுலாப் பயணிகளுக்கான நாள் பாஸின் அன்றைய விலையைக் கேட்டு, அதை ஒன்றரையால் வகுத்துப் பாருங்கள். அத்தனை தடவை மாமனாரும் மாமியாரும் ஒரே நாளில் படியேறி இறங்குவார்களா என்று உங்களுக்கே தெரியும்.

வங்கி அட்டையை எம்ஆர்டி வாயிலிலும் பேருந்திலும் நேரடியாகத் தட்டலாம். வெளிநாட்டு வங்கி வழங்கிய விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளுக்குப் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு கூடுதலாகப் பிடிப்பார்கள். இதனோடு நம் வங்கி அந்நியச் செலாவணிக்காக எடுக்கும் மூன்று விழுக்காட்டு அளவிலான தொகையையும் சேர்த்தாலும், இரண்டு நாளுக்கு ஓர் அட்டைக்கு இரண்டு வெள்ளிக்குள் அடங்கிவிடும். ஈஸி-லிங்க் அட்டையைப் பத்து வெள்ளிக்கு வாங்கினால் ஐந்து வெள்ளிதான் பயணத்துக்கு. மற்ற ஐந்து அட்டையின் விலை, அது திரும்பி வராது. இரண்டு மூன்று நாள் தங்குகிறவருக்கு வங்கி அட்டை மலிவு என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் மூன்று விஷயங்களைச் சென்னையிலேயே முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். ஓர் அட்டையில் ஒருவர்தான் போகலாம். கணவர் தட்டிவிட்டு அதே அட்டையைப் பின்னால் வரும் மனைவியிடம் நீட்ட முடியாது. எனவே பெரியவர்கள் நால்வருக்கு நான்கு அட்டைகள் வேண்டும். உங்கள் இருவரிடமும் ஆளுக்கொரு டெபிட் அட்டையும் கிரெடிட் அட்டையும் இருந்தால், ஒன்றை மாமனாருக்கும் ஒன்றை மாமியாருக்கும் கொடுத்துவிடலாம். அடுத்து, 2020 முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி நம் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடும், தட்டிப் பணம் செலுத்தும் வசதியும் தாமாகத் திறந்திருப்பதில்லை. வங்கிச் செயலியில் இரண்டையும் தனித்தனியாகத் திறக்க வேண்டும். ஒன்றைத் திறந்துவிட்டு மற்றொன்றை மறந்தவர்கள்தான் வாயிலில் சிவப்பு விளக்கைப் பார்த்து விழிப்பார்கள். மூன்றாவது, ரூபே அட்டையை இதற்காக எடுத்துச் செல்ல வேண்டாம். விம்கோ நகர் மெட்ரோவில் தட்டிப் பழகிய அட்டை சிங்கப்பூர் வாயிலைத் திறக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

உங்கள் மகளுக்கு ஆறு வயது என்கிறீர்கள். சிங்கப்பூரில் 90 சென்டிமீட்டர் உயரத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அட்டையே தேவையில்லை. அதைவிட உயரமாக இருந்து ஏழு வயது நிரம்பாத குழந்தைக்கு இலவசப் பயண அட்டை ஒன்று உண்டு. நிலையத்திலுள்ள பயணச்சீட்டு அலுவலகத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். முதல் நாள் காலையிலேயே இதை முடித்துவிடுங்கள்.

மாமனார் மாமியாருக்கு ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிவையுங்கள். நம் ஊரில் சீட்டைக் கிழித்து வாங்கிவிட்டால் இறங்கும்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. அங்கே பேருந்தில் ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை தட்ட வேண்டும். இறங்கும்போது தட்ட மறந்தால் அந்தத் தடத்தின் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணம் பிடிக்கப்படும். கதவருகே நின்று, பச்சை விளக்கு எரிந்து ‘பீப்’ என்று கேட்ட பிறகே படியிறங்க வேண்டும் என்று பழக்கிவிட்டால் போதும். நிலையப் பெயர்ப் பலகைகள் பலவற்றில் தமிழும் இருப்பதால் மற்றபடி அவர்களுக்குச் சிரமம் இராது.

கப்பல் ஏறும் நாளில் மட்டும் ரயிலை மறந்துவிடுங்கள். பெரிய கப்பல்கள் நிற்கும் மரினா பே முனையத்துக்கு அருகிலுள்ள நிலையம் மரினா சவுத் பியர்; அங்கிருந்து பெட்டிகளை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். ஐந்து பேரும் நான்கு பெட்டிகளுமாகப் போகும்போது ஒரு பெரிய வண்டியை வாடகைக்கு எடுப்பதுதான் முறை. அன்று மிச்சம் பிடிக்கும் பத்து வெள்ளி மாமியாரின் முழங்காலுக்கு ஆகாது.

புக்கெட்டைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. பத்தோங் கடற்கரைக்கு எதிரே கடலில் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் கரைக்கு இறக்குவதுதான் பல கப்பல்களின் வழக்கம். புக்கெட் நகரத்துக்கும் கடற்கரைகளுக்கும் இடையே சோங்தியூ எனப்படும் பக்கவாட்டு இருக்கை வண்டிகள் பகலில் ஓடுகின்றன. தாய்லாந்தின் ‘பாட்’ நாணயத்தில் ரொக்கம்தான், பாஸ் என்ற பேச்சே இல்லை. ஆனால் ஒரு கடற்கரையிலிருந்து இன்னொரு கடற்கரைக்கு நேராகப் போக அவை உதவுவதில்லை, மாலையில் சீக்கிரமே நின்றுவிடும். வயதானவர்களோடு போகிறவர்கள், போக வர எவ்வளவு, எத்தனை மணி நேரம், காத்திருப்பதற்கு எவ்வளவு என்று மூன்றையும் ஏறுவதற்கு முன்பே பேசி ஒரு வேனை அமர்த்திக்கொள்வது நல்லது. பாதிப் பணத்தைத் திரும்பி வந்த பிறகு கொடுங்கள். தாய்லாந்து நேரம் சிங்கப்பூர், மலேசிய நேரத்தைவிட ஒரு மணி பின்தங்கியது. கப்பல் தன் கடிகாரத்தை மாற்றலாம், மாற்றாமலும் இருக்கலாம். கைப்பேசியோ கரையிறங்கியதும் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். மாமனாரின் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்து, அன்று முழுவதும் அதையே பாருங்கள்.

இங்கே நம் துறைமுகத்திலிருந்தே கப்பல் ஏற நினைப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்குப் பயணக் கப்பல் புறப்பட்டு, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இடங்களுக்குச் சென்றது. அப்படிப்பட்ட பயணத்தில் இந்தக் குழப்பமே வராது. இலங்கைப் பேருந்துகளில் நம் ஊரைப் போலவே நடத்துநர் வந்து காசு வாங்கிச் சீட்டுக் கொடுப்பார்; இலங்கை ரூபாயில் சிறு நோட்டுகள் இருந்தால் போதும்.

இனி பினாங்கு. உங்கள் பயணத்தில் பேருந்து உண்மையாகவே பயன்படப்போகும் தீவு இதுதான். கப்பல் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் சுவெட்டன்ஹாம் துறையில், ஊரின் வாசலிலேயே கட்டப்படும். வெளியே வந்ததும் விக்டோரியா அரசியின் அறுபதாம் ஆட்சியாண்டு நினைவாக ஆண்டுக்கு ஓரடி என்று அறுபதடி உயரத்தில் எழுப்பிய மணிக்கூண்டு தெரியும். அதை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது யாரிடம் வழி கேட்டாலும் அந்த மணிக்கூண்டைச் சொன்னால் போதும். எங்கள் தெருப் பெரியவர்கள் ‘ராஜுலா’ கப்பலைப் பற்றிப் பேசிக் கேட்டிருப்பீர்கள். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல்லாண்டு ஓடியது. தலைச்சுமையோடு தளத்தில் படுத்து வந்த நம் ஆட்கள் கால்வைத்த ஊர் இது என்பதால், எத்தனை முறை இறங்கினாலும் எனக்கு அந்த மணிக்கூண்டின் அடியில் சற்று நின்று போகத் தோன்றும்.

துறையிலிருந்து கடலோரமாகத் தெற்கே பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் வெல்ட் கீ பேருந்து முனையம் வரும். ஊர்க்காரர்கள் ஜெட்டி என்பார்கள். ரேபிட் பினாங்கு பேருந்துகள் பலவும் புறப்படும் இடம் அது. முனையத்திலிருந்தே ஏறினால் எல்லோருக்கும் உட்கார இடம் கிடைக்கும். வயதானவர்கள் இருப்பதால் இடையில் ஏறாதீர்கள். அங்கே இரண்டு வகைப் பயணம் உங்களுக்கு உண்டு.

ஒன்று கேட் என்று அழைக்கப்படும் இலவசப் பேருந்து. ஜெட்டிக்கும் கொம்தார் கோபுரத்துக்கும் இடையே பழைய நகரத்தைச் சுற்றி வருகிறது. வெளிநாட்டவர் என்று பாகுபாடு இல்லை, சீட்டும் இல்லை. 2021 மே முதல் நம் சாதாரணக் கட்டணப் பேருந்தில் காசு கொடுக்காமல் போய்ப் பழகிய உங்கள் மாமியாருக்கு இது பிடிக்கும். ஆனால் வண்டி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். பழைய நகரத்தின் தெருக்கள் குறுகியவை, வெயில் தாழ்வாரங்கள் உள்ளவை, நடக்க ஏற்றவை. கால் வலித்தால் ஏறிக்கொள்ளும் வண்டியாக மட்டும் இதை நினையுங்கள்.

மற்றொன்று கட்டணப் பேருந்து. 204 எண் வண்டி ஜெட்டியில் புறப்பட்டு, கொம்தார், ஆயர் ஈத்தாம் வழியாகப் பினாங்குக் கொடிமலை அடிவாரம் வரை போகிறது. ஆயர் ஈத்தாமில் உள்ள கெக் லோக் சி பௌத்த ஆலயத்துக்கும் இதே வண்டிதான். கட்டணம் தூரத்துக்கேற்ப 1.40 ரிங்கிட்டில் தொடங்கும். நான் கடைசியாகப் போனபோது ஜெட்டியிலிருந்து மலை அடிவாரம் வரை 2 ரிங்கிட் வாங்கினார்கள். ரிங்கிட்டை 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பெரியவர்கள் நால்வர் போய்வர 16 ரிங்கிட், அதாவது 320 ரூபாய். குழந்தைக்குச் சிறிது சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தொகைக்கு எந்தப் பாஸும் ஈடாகாது. டச் அண்ட் கோ அட்டை மலேசியாவில் குடியிருப்பவர்களுக்கு இன்றியமையாதது. சுங்கச் சாவடி முதல் பேருந்து வரை எல்லாவற்றுக்கும் அதுதான். ஆனால் அட்டைக்கே பத்து ரிங்கிட் கொடுத்து, அதன்மேல் பணமும் ஏற்றி, இரண்டு தடவை பயணம் செய்துவிட்டு மீதியோடு ஊர் திரும்புவதில் பொருள் இல்லை.

பணம் செலுத்தும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிக்கல் வருவது இங்கேதான். பேருந்தில் நடத்துநர் இல்லை. ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஓர் உண்டியல் இருக்கும். எங்கே போகிறீர்கள் என்று சொன்னால் தொகையைச் சொல்வார், அதை உண்டியலில் போட வேண்டும், சீட்டைத் தருவார். உண்டியலில் விழுந்தது திரும்பி வராது. மீதிச் சில்லறை என்ற பேச்சே கிடையாது. முதல் தடவை நான் ஏறியபோது கையில் 20 ரிங்கிட் நோட்டு ஒன்றுதான் இருந்தது. பின்னால் ஒரு பள்ளிக்கூடமே வரிசையில் நின்றுகொண்டிருந்தது. தலையில் முக்காடு போட்ட ஒரு மாணவி தன் சட்டைப் பையிலிருந்து இரண்டு ஒற்றை ரிங்கிட் நோட்டுகளை எடுத்து எனக்காகப் போட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார். இறங்கும் இடத்தில் கடையில் நோட்டை மாற்றி அவரிடம் கொடுக்கலாம் என்று பார்த்தால் அவர் எனக்கு முன்பே இறங்கியிருந்தார். அந்தக் கடன் இன்னும் இருக்கிறது.

ஆகவே கப்பலிலிருந்து இறங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, ஒரு தண்ணீர்ப் புட்டியோ தேநீரோ வாங்கி ஒற்றை ரிங்கிட் நோட்டுகளும் பத்து, இருபது, ஐம்பது சென் காசுகளும் சேர்த்துக்கொள்வது. இருபது ஒற்றை நோட்டுகள் இருந்தால் ஐவருக்கும் அன்றைய பேருந்துச் செலவு முடிந்தது. பணத்தைச் சிங்கப்பூரிலேயே மாற்றிக்கொள்ளும்போது சிறு நோட்டாகக் கேட்டு வாங்கினால் இன்னும் நல்லது. ஒருவரே எல்லோருக்கும் சேர்த்துப் போடாமல், ஆளுக்குரியதை அவரவர் கையில் கொடுத்துவிட்டால் படியில் நெரிசல் இராது.

மலைமேல் ஏறும் இழுவை ரயிலுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அதற்கு வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம். நான் போனபோது பெரியவருக்கு 30 ரிங்கிட். நால்வருக்கு அதுவே 120 ரிங்கிட் ஆகிறது, போதாததற்கு விடுமுறை நாட்களில் வரிசை நீளும். ஒரு பகல் மட்டும் இருப்பவர்கள், கீழே வரிசையைப் பார்த்துவிட்டு, நீளமாக இருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டு ஆயர் ஈத்தாமுக்குத் திரும்பி ஆலயத்தைப் பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

திரும்பும் பயணத்துக்கு மட்டும் பேருந்துக் கட்டணத்தோடு இன்னொரு தொகையையும் தனியாக எடுத்து வையுங்கள். பிற்பகலில் ஆயர் ஈத்தாம் சாலையில் நெரிசல் அதிகம். வரும்போது முக்கால் மணி நேரத்தில் வந்த வண்டி திரும்பும்போது ஒரு மணிக்கு மேல் எடுக்கலாம். கப்பலில் ஏற வேண்டிய நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக அங்கிருந்து 204-இல் ஏற முடிந்தால் பேருந்து. இல்லையென்றால் யோசிக்காமல் கைப்பேசிச் செயலியில் கிராப் எனப்படும் வாடகை வண்டியை அழையுங்கள். சாதாரண கிராப் காரில் நான்கு பேர்தான் ஏறலாம், குழந்தையும் ஓர் ஆளாகவே எண்ணப்படும். ஆகவே ஆறு பேர் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பேருந்தைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகும், அவ்வளவுதான்.

துறைக்கே நேராகப் போகாமல் குயீன் தெருவில் இறங்கிக்கொள்ளுங்கள். 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் அங்கே இருக்கிறது. சுற்றிலும் பூக்கடை, பாத்திரக்கடை, வாழையிலைச் சாப்பாடு என்று நம் தங்கசாலைத் தெருவில் நிற்பது போலவே இருக்கும். மாமியார் அம்மனைப் பார்த்துவிட்டு வரட்டும், நீங்கள் மீதி ரிங்கிட்டைச் செலவழித்துவிடுங்கள். அங்கிருந்து மணிக்கூண்டு வரை குழந்தையோடு மெல்ல நடந்தாலும் கால் மணி நேரம்தான். அந்தக் கடைசித் தூரத்துக்குப் பேருந்தும் வேண்டாம், சீட்டும் வேண்டாம்.